மெதுவாகப் போகிற குண்டு

தேனி பஜாரில் ஒரு துப்பாக்கிக் கடையில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். இப்போது இல்லை. முப்பது வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்றால் சிரிப்பார்கள். ஆனால் இனி அந்த வேலைக்குப் போக மாட்டேன். அதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

கவுண்டரில் இப்போது முதலாளியின் மருமகள் செல்வராணி நிற்கிறாள். போன மாதம் போன் பண்ணினாள்.

"அக்கா, எந்தத் துப்பாக்கிக்கு எந்தக் குண்டுன்னு மாமா சொல்றது என் மண்டையில ஏற மாட்டேங்குது. ஒரு நோட்டுல எழுதிக் குடுங்களேன். புதுசா ரெண்டு பேரு வேலைக்கு வாராக, அவுகளுக்கும் ஆகும்."

"நான் எட்டாவதுதான் தாயி."

"குண்டு என்ன டிகிரியா கேக்குது?" என்றாள்.

குண்டைப் பற்றி மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். பாண்டியைப் பற்றி எழுதாமல் என்னால் அதை எழுத முடியவில்லை. பாண்டி என் வீட்டுக்காரர். அவர் போய் ஒரு வருடம் நாலு மாதம் ஆகிறது.

கூட்டிப் பெருக்கத்தான் கடையில் சேர்ந்தேன். பண்ணைப்புரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து, தூசி தட்டி, கண்ணாடி துடைத்துவிட்டுப் பொழுது சாய வீட்டுக்குப் போவேன். எந்தப் பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று முதலாளியைவிட எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டதால், இரண்டு வருடத்தில் துடைப்பத்தை வேறு ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு என்னைக் கவுண்டரில் நிறுத்தினார். படித்தது, பழகியது எல்லாம் அங்கேதான்.

முதலாளி அதிகம் பேச மாட்டார். லைசென்ஸோடு யார் வந்தாலும் மூன்று கேள்வி கேட்பார். எதைச் சுடப் போறீக, எவ்வளவு தூரத்துல, துப்பாக்கி என்ன துப்பாக்கி. மூன்றுக்கும் பதில் வராமல் அலமாரிப் பக்கம் திரும்ப மாட்டார். ஒருமுறை ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"காசு குடுக்கிறவன் நான். போலீஸ்காரன் கணக்காக் கேள்வி கேக்குறீரே?"

"சாகப் போறது நீரு இல்லையே. அதோட சார்பா நான் கேக்குறேன்" என்றார் முதலாளி. தோட்டக்காரர் சிரித்துவிட்டுப் பதில் சொன்னார்.

எனக்கு வேறு மாதிரித் தொல்லை. குண்டுக்கு மேல் இருக்கும் செம்பு உறைக்கு ஜாக்கெட் என்று பெயர். கவுண்டரில் ஒரு பொம்பளை நிற்பதைப் பார்த்ததும் ஆம்பளைகளுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. "அந்த... மேல போட்டிருக்குமே புள்ள..." என்று மீசையைத் தடவுவார்கள். "ஜாக்கெட்டா அண்ணே? தடிமனா, மெலிசா?" என்று நானே கேட்பேன். கூட வந்தவன் சிரிப்பான். அதற்குப் பிறகு அவர்கள் ஒழுங்காகப் பேசுவார்கள்.

செல்வராணி, நீ கேட்டது இதுதான். 315 என்பது பழைய காலத்து ரைபிளின் தோட்டா, மருந்தும் குண்டும் சேர்ந்தது. இப்போது வருகிற ரைபிள்களோடு வைத்துப் பார்த்தால் அதில் குண்டு மெதுவாகப் போகும். மெது என்றால் நம் கண்ணுக்கு மெது இல்லை, குண்டுக்கு மெது. உடம்புக்குள் போனதும் குண்டின் மூக்கு நசுங்கி விரிய வேண்டும். விரிந்தால்தான் மிருகம் அந்த இடத்திலேயே விழும், வலி தெரியாமல் போகும். விரிய வைப்பது வேகம். வேகம் குறைவாக இருந்தால், குறைந்த வேகத்திலும் விரிகிற குண்டாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். மூக்கில் ஈயம் நிறையத் தெரிய வேண்டும், மூக்கு உருண்டையாக இருக்க வேண்டும், உறை மெலிசாக இருக்க வேண்டும். வேகமான ரைபிளுக்குச் செய்த குண்டின் உறை தடிமன். இல்லாவிட்டால் அந்த வேகத்தில் அது சிதறிப்போகும். அதையே கொண்டுவந்து மெதுவான தோட்டாவில் வைத்தால் விரியாது. சாக்கு ஊசி மாதிரி ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்துவிடும். மிருகம் விழாது. ரத்தம்கூட அதிகம் சொட்டாது. சுட்டவன் தப்பிவிட்டது என்று நினைப்பான்.

வெளியே பார்த்தால் உறையின் தடிமன் தெரியாது. மூக்கில் ஈயம் தெரிகிறது என்று நம்பக் கூடாது. அதனால் புதுச் சரக்கு எது வந்தாலும் முதலாளி இரண்டு காரியம் செய்வார். மருந்து இல்லாத வெறும் குண்டு ஒன்றைக் கம்பெனிக்காரனிடம் கேட்டு வாங்கி, பட்டறைப் பிடியில் வைத்து ரம்பத்தால் நெடுக்காக அறுப்பார். அறுத்த பாதியை என் கையில் வைத்து, "இது கோழிமுட்டை ஓடு. இது தேங்காய்ச் சிரட்டை. வித்தியாசம் தெரியுதா?" என்பார். இரண்டாவது, பழைய பேப்பரை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டுக் கட்டாகக் கட்டி, அனுமதி வாங்கிய கல்குவாரிக்குக் கொண்டுபோய்ச் சுடுவார். ஈரப் பேப்பரைப் பிரித்துக்கொண்டே போய்க் குண்டை எடுத்துவருவது என் வேலை. விரிந்த குண்டு காளான் மாதிரி இருக்கும். விரியாதது பெட்டியிலிருந்து எடுத்த மாதிரியே இருக்கும். இந்த இரண்டும் முடிகிற வரை அந்தச் சரக்கு கவுண்டருக்கு அடியில்தான் கிடக்கும். எத்தனை நாள் ஆனாலும் சரி.

நம் பக்கத்தில் பன்றி சுடுவது பாரஸ்ட்காரர்கள் வேலை. மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், பஞ்சாயத்திலேயே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிற ஆட்களில் நன்றாகச் சுடுகிறவர்களை அதில் சேர்ப்பார்கள். பயிரை அழிக்கிற பன்றியைச் சுட இத்தனை நாள் என்று உத்தரவு கொடுப்பார்கள். சுட்ட பன்றியைக் குழி தோண்டி, மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்க வேண்டும். ஒரு துண்டு கறி எடுக்கக் கூடாது.

அந்தப் பட்டியலில் இருந்தவர் வர்கீஸ். கம்பம்மெட்டுக்கு அங்கிட்டுக் கப்பை என்கிற மரவள்ளியும் வாழையும் போட்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல். அவர் லைசென்ஸ் பக்கத்து மாநிலத்துக்கும் செல்லும் என்பதால் எங்கள் கடைக்குத்தான் வருவார். "எல்லாருக்கும் பன்னின்னா கறி வாசம் ஞாபகம் வரும். எனக்கு மண்ணெண்ணெய் வாசம்தான் வருது" என்பார்.

அன்று அவர் வந்தபோது முதலாளி கடையில் இல்லை. மகள் பிரசவத்துக்கு மதுரை போயிருந்தார். 315-க்கு நாங்கள் வழக்கமாகக் கொடுக்கிற சரக்கு தீர்ந்திருந்தது. ஒரு புதுக் கம்பெனிச் சரக்கு முந்தின வாரம் வந்து, அறுக்காமல், சுட்டுப் பார்க்காமல் கவுண்டருக்கு அடியில் கிடந்தது.

"இல்லண்ணே. அடுத்த வாரம் வாங்க" என்றேன்.

"அடுத்த வாரம் வந்து என்ன செய்ய? உத்தரவு இன்னும் மூணு நாளைக்குத்தான். கப்பை முச்சூடும் போச்சு. பிள்ளைக ஸ்கூலுக்குப் போற வழியில நிக்குது புள்ள." எட்டிப் பார்த்தார். "கீழ இருக்கிறது என்ன?"

"அது இன்னும் பார்க்கலண்ணே."

"நீ பாரேன். உனக்குத் தெரியாததா?"

எடுத்துப் பார்த்தேன். மூக்கில் ஈயம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. நகத்தால் அழுத்தினேன், பதிந்தது. மதுரைக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. இத்தனை வருடம் நின்றுவிட்டு இதைக்கூடவா கேட்க வேண்டும் என்று தோன்றியது. உனக்குத் தெரியாததா என்று அவர் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். பெட்டியைப் பிரித்துப் பத்துத் தோட்டா கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் வர்கீஸ் பன்றியைச் சுட்டிருக்கிறார். அது விழவில்லை. பக்கத்து ஏலக்காய் எஸ்டேட்டுக்குள் ஓடிவிட்டது. வெளிச்சம் இருக்கிற வரை தேடியிருக்கிறார். இரண்டு இலையில் மட்டும் ரத்தம். காலையில் யாரையும் உள்ளே விட வேண்டாம் என்று எஸ்டேட் ஆள் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஆள் காலையில் வருவதற்கு முன்னால் ஜீப்புகள் வந்துவிட்டன.

அதில் ஒரு ஜீப் பாண்டி ஓட்டியது. எங்கள் ஊரிலிருந்து ஏலக்காய்ப் பழமெடுக்கப் போகிற பொம்பளைகளைத் தினமும் ஏற்றிப்போய் இறக்கி, திரும்பக் கூட்டிவருவது அவர் வேலை. பாண்டியின் அம்மா, என் அத்தை ராமுத்தாயும் அதில்தான் போவார். அன்றைக்குப் பொம்பளைகள் இறங்கி உள்ளே போன பிறகுதான் வர்கீஸ் ஓடிவந்து, அடிபட்ட பன்றி உள்ளே கிடக்கிறது, ஆட்களை வெளியே கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பாண்டி அம்மாவைக் கூப்பிட உள்ளே ஓடியிருக்கிறார். பன்றி செடிக்கு அடியிலிருந்து கிளம்பித் தொடையில் கிழித்துவிட்டது. பாண்டியை அவர் ஜீப்பிலேயே ஏற்றி, இன்னொரு டிரைவர் முருகன் ஓட்டிக்கொண்டு இறங்கினான். மலைப்பாதை முடிவதற்குள் உயிர் போய்விட்டது. அத்தை மடியில்தான் தலை இருந்தது.

வர்கீஸ் அன்று பகலிலேயே பன்றியைத் தேடிப் பிடித்துத் தலையில் சுட்டார். கிட்டப் போய்ப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை; மற்றவர்கள்தான் புதைத்தார்கள்.

கருமாதி அன்று அவர் வந்தார். தெருவிலேயே நின்றார். அத்தை இரண்டு கையிலும் மண்ணை அள்ளிக்கொண்டு போனார்.

"கண்ணு தெரியாத பயலுக்கு எதுக்குடா துப்பாக்கி? எம் புள்ளைய முழுங்கிட்டு எம் வாசலுக்கே வாரியே, நீ வெளங்குவியா?"

மண் அவர் சட்டையில் விழுந்தது. அவர் தட்டிவிடவில்லை. "உன்னம் தப்பிப் போச்சம்மா" என்றார். உன்னம் என்றால் அவர்கள் பேச்சில் குறி. "என் கையி நடுங்கிருக்கும். தப்பு என்னோடதுதான்."

பஞ்சாயத்து அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. குடித்துவிட்டுச் சுட்டார் என்றுகூடப் பேசினார்கள். அவர் குடிக்கிற ஆள் இல்லை. அத்தை மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியதும், தினமும் ஜீப் வர்கீஸ் வீட்டு முக்கில் இருக்கிற டீக்கடையைத் தாண்டும்போது வெளியே தலையை நீட்டி ஏசிவிட்டுத்தான் போவார்.

கருமாதி வரை எனக்குக் குண்டு ஞாபகமே வரவில்லை. பாண்டி இல்லை என்பதைத் தவிர வேறு எதுவும் மண்டையில் இல்லை. கருமாதிக்கு மறுநாள் முருகன் வந்திருந்தான். புதைப்பதற்கு முன்னால் எடுத்த படம் என்று போனைக் காட்டினான். எதற்குக் காட்டினானோ, நானும் எதற்கு வாங்கினேனோ. பன்றி ஒருக்களித்துக் கிடந்தது. முன்னங்காலுக்குப் பின்னால், சுட வேண்டிய இடத்திலேயே, பென்சில் நுழைகிற அளவு ஒரு ஓட்டை. படத்தைப் பெரிசாக்கினேன்.

"மறுபக்கம் எடுத்த படம் இருக்கா?"

இருந்தது. அங்கேயும் அதே அளவு ஓட்டை. பெரிசாகவும் இல்லை, கிழியவும் இல்லை. ஒரு விரல்கடை பின்னால் தள்ளிக்கூட இல்லை. வர்கீஸ் சுட்டது தப்பவில்லை. குண்டு விரியவில்லை.

"என்னத்தைக்கா அப்படிப் பாக்குற?" என்றான் முருகன். ஒன்றுமில்லை என்று போனைக் கொடுத்துவிட்டேன்.

கடைக்குத் திரும்பிய முதல் நாள் முதலாளி என்னைப் பின்னால் கூப்பிட்டார். மேசை மேல் மூன்று குண்டுகளை வரிசையாக வைத்திருந்தார். ஈரப் பேப்பரிலிருந்து எடுத்தவை. மூன்றும் புதுசு மாதிரியே இருந்தன. பக்கத்தில் அறுத்த பாதி. சிரட்டை.

"பெட்டி பிரிச்சிருந்துச்சு" என்றார்.

"நான்தான்."

"யாருக்குக் குடுத்த?"

வர்கீஸுக்கு என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "பூட்டி வெச்சுட்டுப் போயிருக்கணும். அது என் தப்பு" என்றார்.

"என் தப்ப என்ன செய்ய முதலாளி?"

"அத நான் சொல்ல மாட்டேன் புள்ள. சொல்லுன்னா உன்னைக் காட்டிக் குடுத்த மாதிரி. சொல்லாதன்னா கடையைக் காப்பாத்துற மாதிரி. ரெண்டும் எனக்கு வேண்டாம்."

அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து நான் வேலையை விட்டேன். தோட்டா எடுத்து வைக்கிறபோதெல்லாம் கை நின்றுவிடும்.

சொல்லவில்லை. அத்தையிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. காரணம் பெரிசாக ஒன்றும் இல்லை. எனக்கு அப்பா அம்மா இல்லை. அண்ணன் திருப்பூரில் ஒற்றை ரூமில் இருக்கிறான். எனக்கும் என் ஐந்து வயது மகளுக்கும் இருக்கிற வீடு பாண்டியின் வீடு, அதாவது அத்தையின் வீடு. மகனைக் கொன்ற குண்டைக் கொடுத்தவளை அந்த வீட்டில் யார் வைத்திருப்பார்கள். ஒரு மனிதரின் பெயர் கெட்டுக்கிடக்கிறது என்று தெரிந்தேதான் பேசாமல் இருந்தேன். தினமும் சாயங்காலம் அத்தை வந்து, "இன்னைக்கும் நல்லா கேட்டேன் அவனை" என்பார். நான் காப்பி கலந்து கொடுப்பேன்.

செல்வராணி போன் பண்ணிய மறுநாள் நோட்டு வாங்கி எழுத உட்கார்ந்தேன். அத்தை எதிரில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"என்னத்தா எழுதுற?"

"கடையில கேட்டாக அத்தை. எந்தக் குண்டு எதுக்குன்னு."

"அப்படியா? படி, கேப்போம்."

படித்தேன். விரியாது, சாக்கு ஊசி மாதிரி மறுபக்கம் வந்துவிடும், மிருகம் விழாது, சுட்டவன் தப்பிவிட்டது என்று நினைப்பான் என்கிற இடம் வரைக்கும் வந்து நின்றுவிட்டேன். அத்தை கீரையைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்தாளு?"

"சரியாத்தான் சுட்டாக அத்தை. நான் குடுத்த குண்டுதான் தப்பு."

"நீ குடுத்ததா?"

"முதலாளி விக்காதன்னு வெச்சிருந்ததை எடுத்துக் குடுத்தேன்."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"கருமாதிக்கு மறுநாளே தெரியும்."

அத்தை என்னை அடிக்கவில்லை, கத்தவில்லை. "ஒரு வருஷமா எம் பக்கத்துல படுத்துக்கிட்டு, நான் அவனை ஏசுறதைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்க" என்று மட்டும் சொன்னார். எழுந்து போய்விட்டார். கீரை அப்படியே கிடந்தது.

அன்றிலிருந்து தனியாக உலை வைத்தார். என்னிடம் பேசவில்லை. சொல்ல வேண்டியதை என் மகளிடம் சொல்வார். "கேஸ் தீரப் போகுதுன்னு உங்கம்மாட்ட சொல்லு." பிள்ளைக்கு அது விளையாட்டாக இருந்தது. துணி இருக்கிற டிரங்குப் பெட்டியை நான் இரண்டு முறை திறந்து மூடினேன்.

ஐந்தாம் நாள் காலையில், "உங்கம்மாவ ஜீப்புல வந்து ஏறச் சொல்லு" என்றார்.

முருகன்தான் ஓட்டினான். அத்தை முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். எஸ்டேட் திருப்பம் வந்ததும் அத்தை ரோட்டைப் பார்த்தே பேசினார். "அவன் என்னைக் கூப்பிடத்தான் உள்ள வந்தான். நான் வெத்தலை மடிச்சுக்கிட்டு அங்கன முன்னாலயே நின்னுருந்தா வந்திருக்க மாட்டான்." யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

டீக்கடையில் இறங்கினோம். வர்கீஸ் உள்ளே உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து போகப் பார்த்தார்.

"நில்லுங்க" என்றார் அத்தை. அவரை அத்தை மரியாதையாகக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் முறை. "உங்களை நான் ஏசுனது இந்த இடத்துல. இங்கனயே இவ சொல்லட்டும். எல்லாரும் கேளுங்க."

சொன்னேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பெட்டி, ஈயம், உறை, படத்தில் பார்த்த இரண்டு ஓட்டை, எல்லாம் சொன்னேன். வர்கீஸ் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எங்கன பட்டிருந்துச்சு?"

என் கையைத் தூக்கி அக்குளுக்குக் கீழே காட்டினேன். "முன்னங்காலுக்குப் பின்னால. நீங்க வெச்ச இடத்துல."

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கையி நடுங்குதான்னு தினமும் காலையில டம்ளர் நிறையத் தண்ணி மொண்டு நீட்டிப் பிடிச்சுப் பார்ப்பேன்" என்றார். "நடுங்காது. ஆனாலும் நான் நம்பல. எம் பெண்டாட்டியும் நம்பல." பிறகு என்னைப் பார்த்தார். "உம் புருசனை நெனச்சு நான் அழுதிருக்கேன் புள்ள. நீ ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்."

"மன்னிச்சிருங்கண்ணே."

"அது இப்ப என்னால ஆகாது. எழுதிக் குடு. பஞ்சாயத்துல எழுதிக் குடு."

ஆபீஸ் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். வர்கீஸ் எங்களுக்கு முன்னால் நடந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. நான் தமிழில் எழுதினேன். முதலாளி விற்க வேண்டாம் என்று வைத்திருந்ததை அவருக்குத் தெரியாமல் நான் எடுத்துக் கொடுத்தேன், வர்கீஸ் சுட்டது சரியான இடத்தில்தான் பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிளார்க்குக்குத் தமிழ் பேச வரும், படிக்கக் கொஞ்சம் திணறினார். படித்து முடித்துவிட்டு, கடைக்கும் விசாரணை வரும், உங்களையும் கூப்பிடுவார்கள் என்றார். சரி என்றேன். செல்வராணி, வருகிறவர்கள் உன்னிடம் கேட்டால் மறைக்க வேண்டாம். நான் எழுதிக் கொடுத்தது இதுதான்.

"சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும்" என்றார் கிளார்க்.

வர்கீஸ் அசையவில்லை. அத்தை முன்னால் வந்து மேசை மேல் கையை வைத்தார். கிளார்க் மைப்பெட்டியைத் தள்ளினார். அத்தை கட்டை விரலை ஒற்றி, காகிதத்தில் அழுத்தி எடுத்தார்.

"பேரு?"

"ராமுத்தாய்."

"செத்துப்போன ஆளுக்கு?"

"அம்மா."

கிளார்க் என்னைப் பேனாவால் காட்டினார். "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

அத்தை விரலில் இருந்த மையைச் சேலை முந்தியில் துடைத்தார். துடைக்க நேரமாயிற்று. நான் மேசையின் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மருமக" என்றார். "எங்க வீட்லதான் இருக்கா. எழுதிக்கங்க."